மேற்குப் பக்கம் தென்னை போன இடத்தில் என்ன மரம் வைக்கலாம்?

வேலூர் சத்துவாச்சாரி வாசகி ஒருவரின் கேள்வி, மே 5, 2024

"வீட்டுக்கு மேற்கே மூன்று குட்டைத் தென்னை, பதினைந்து அடிக்கு ஒன்றாக வரிசையில் நின்றன. நடு மரத்தில் சிவப்புக் கூன்வண்டு விழுந்து குருத்து சாய்ந்தது, வெட்டிவிட்டோம். இப்போது மூன்று மணி ஆனால் வெயில் நேராகப் படுக்கையறை ஜன்னலில் இறங்குகிறது. சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் 12 அடி இடம். சரக்கொன்றை வைக்கலாம் என்று இருக்கிறேன். பூ அழகு, தண்ணீரும் அதிகம் கேட்காது என்கிறார்கள். சரிதானே?"

மே 5, 2024, இரவு

இந்த இடத்துக்குச் சரக்கொன்றை வேண்டாம். அது இலையை உதிர்த்துவிட்டுத்தான் பூக்கும். ஏப்ரல், மே மாதங்களில் மொட்டைக் கிளைகளில் மஞ்சள் சரம் சரமாகத் தொங்கும். தெருவே நின்று பார்க்கும், ஆனால் உங்கள் ஜன்னலுக்கு ஒரு பிடி நிழல் கிடைக்காது. இலை திரும்ப வந்து அடர்வதற்குள் கத்திரி முடிந்து நாலு மழையும் பெய்திருக்கும். குல்மோகருக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

நம் ஊரில் எந்த மரத்தைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: மே மாதம், சாயங்காலம் நாலு மணிக்கு, அதில் இலை இருக்குமா? பூ, காய், வாசனை எல்லாம் அப்புறம். பேப்பரில் நூறு டிகிரி தாண்டிய ஊர்ப் பட்டியல் போட ஆரம்பித்தால் வேலூர் இல்லாத நாள் குறைவு. அந்தப் பட்டியல் வரும் மாதங்களில் மொட்டையாக நிற்கும் மரத்தை மேற்கில் வைத்து என்ன செய்வது?

கிழக்கிலோ வாசலிலோ இடம் இருந்தால் சரக்கொன்றையைத் தாராளமாக வையுங்கள். அங்கே நானே சிபாரிசு செய்வேன்.

மே 6

"எங்கள் தெருவில் கொன்றை மே மாதம் பச்சைப்பசேல் என்று நிழல் தருகிறதே" என்று ஒரு தம்பி சண்டைக்கு வந்திருக்கிறார். தம்பி, நீங்கள் சொல்வது பெருங்கொன்றையாக இருக்கும், இயல்வாகை என்றும் சொல்வார்கள். அதுவும் மஞ்சள்தான், அதனால்தான் இந்தக் குழப்பம். பூ எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். சரக்கொன்றையில் கொத்து கீழே தொங்கும். பெருங்கொன்றையில் கிளை நுனியில் மேல்நோக்கி நிற்கும், இலை புளியிலை மாதிரி பொடிப்பொடியாக இருக்கும்.

நிழல் தரும், மறுக்கவில்லை. ஆனால் அது ஐம்பது அடி வளரும் சாலை மரம், கிளையும் உறுதி கிடையாது. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது சென்னையில் குல்மோகர், தூங்குமூஞ்சி, பெருங்கொன்றை எல்லாம் தெருத்தெருவாக விழுந்து கிடந்தன. நமக்குப் புயலே வேண்டாம், கோடை மழைக்கு முன்னால் வரும் சூறைக்காற்று போதும். பன்னிரண்டு அடி இடத்தில் வேண்டாம்.

மே 6, மறுபடி

சரி, வேண்டாம் வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி. என் முதல் யோசனை புங்கம்.

காட்பாடியில் எங்கள் வீட்டு மேற்கில் நிற்பது புங்கம்தான். மாசி வாக்கில் கொஞ்ச நாள் இலை கொட்டும், அதோடு பளபளவென்று தளிர் வந்துவிடும். சித்திரையில் அடியில் போய் நின்றால் தெருவில் இருக்கும் சூடு தெரியாது. வேர் ஆழமாக இறங்கும், வறட்சி தாங்கும், உப்புத் தண்ணீரும் தாங்கும். ஆடு மாடும் பெரிதாக வாய் வைக்காது.

தொல்லையும் சொல்லிவிடுகிறேன். இலை முழுக்கக் கொப்புளம் கொப்புளமாக வரும். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன் செய்கிற வேலை அது. மரம் அதனால் சாகாது, பார்க்கத்தான் அம்மை போட்ட மாதிரி இருக்கும். பலர் பயந்து மருந்து அடிக்கிறார்கள், தேவையே இல்லை. அடுத்தது பூ. பூக்கும் நாட்களில் வாசலில் அரிசிப் பொரி கொட்டியதுபோல் கிடக்கும், காலையில் பெருக்கினால் பத்து மணிக்கு மறுபடி அதே. எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு நாள் துடைப்பத்தோடு வந்து, "இன்னாபா, மரம் நீ வெக்கிற, பெருக்குறது நானா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதிலிருந்து அந்தப் பக்கக் கிளைகளை ஆடியில் கழித்துவிடுகிறேன்.

மே 8

மரம் எது என்பதைவிட எங்கே நடுவது என்பதைத்தான் யாரும் கேட்கவில்லை. வெட்டிய தென்னையின் குழியிலேயே நட வேண்டும் என்று என்ன கட்டாயம்?

மே முதல் ஜூலை வரை சூரியன் நேர் மேற்கில் மறைவதில்லை, வடமேற்கில் சாய்ந்துதான் இறங்குகிறது. ஆகவே ஜன்னலுக்கு நேர் எதிரே நட்டால், சாயங்காலம் நிழல் ஜன்னலைவிட்டுத் தெற்கே தள்ளி வெறும் சுவரில் விழும். ஜன்னலின் நடுவிலிருந்து மூன்றடி வடக்கே தள்ளி நடுங்கள். டிசம்பரில் சூரியன் தென்மேற்குக்குப் போய்விடும். அப்போது ஜன்னலில் கொஞ்சம் வெயில் படும், மார்கழிக்கு அது நல்லதுதான்.

உயரம் எவ்வளவு வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. மே மாதம் நாலு மணிக்கு நம் ஊரில் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 34 டிகிரி உயரத்தில் இருக்கும். சுவரிலிருந்து எட்டடி தள்ளி 15 அடி மரம் நின்றால், நாலு மணிக்குச் சுவரில் ஒன்பது, ஒன்பதரை அடி வரை நிழல் ஏறும். ஜன்னல் தலை ஏழடி என்றால் தாராளம். மூன்று மணிக்குச் சூரியன் இன்னும் மேலே இருப்பதால் ஆறடிக்குத்தான் ஏறும். அதற்குப் பதினாறு அடி மரம் இருந்தால் போதும். நாற்பது அடி மரத்தைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு புயல் வரும்போதெல்லாம் தூங்காமல் கிடக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, அடிக்கிளையை வெட்டாதீர்கள். ஐந்து மணிக்கு மேல் வெயில் தாழ்வாக வரும். சாலையோர மரம்போல் பத்தடிக்குக் கிளையைக் கழித்துவிட்டால் குடைக்குக் கீழே புகுந்து ஜன்னலுக்கே வரும். காம்பவுண்டு சுவர் கொஞ்சம் மறைக்கும், மீதியைக் கிளைதான் மறைக்க வேண்டும்.

கணக்கு பிடிக்காதவர்கள் ஒரு மூங்கில் கழியில் பழைய வேட்டியை விரித்துக் கட்டி, நட நினைக்கும் இடத்தில் நாலு மணிக்குத் தூக்கிப் பிடித்துப் பார்க்கலாம். நிழல் எங்கே விழுகிறது என்று உள்ளேயிருந்து ஒருவர் சொல்லட்டும். அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள் என்பது வேறு விஷயம்.

மே 9

நெட்டிலிங்கம் கேட்டவருக்கு: அது தூண். தூணுக்கு எவ்வளவு நிழல் உண்டோ அவ்வளவு.

மே 11

கேள்வி கேட்டவர் மூன்று விவரம் சேர்த்திருக்கிறார். ஒன்று, அந்த இடத்துக்குத் தெற்கே ஏழெட்டு அடியில் செப்டிக் டேங்க். இரண்டு, மலையடிவாரம் என்பதால் குரங்குத் தொல்லை. மூன்று, அவருடைய அம்மா சப்போட்டாதான் வைக்க வேண்டும் என்கிறாராம்.

டேங்க் தெற்கே என்றால் வடக்கே தள்ளி நடுவதற்கு இன்னொரு காரணம் கிடைத்துவிட்டது. புங்கத்தை மட்டும் இப்போது கொஞ்சம் யோசிக்கிறேன். பெரிய மரமாகத் துடிக்கிற சாதி அது, வருஷா வருஷம் கழித்து அடக்க வேண்டியிருக்கும். டேங்க் பக்கத்தில் இருக்கும்போது, வளர்ச்சி நிதானமான மரம் நல்லது. வேம்புக்கும் இதே காரணம்தான். இல்லையென்றால் வேம்பை யார் குறை சொல்வார்கள்? மாசி பங்குனியில் உதிர்ந்து சித்திரைக்குள் தழைத்துவிடுகிற மரம். வருஷப்பிறப்புப் பச்சடிக்குப் பூவும் வீட்டிலேயே கிடைக்கும்.

பழ மரம் குரங்கை அழைத்துக் கூட்டம் போட வைக்கும் என்பது என் எண்ணம். கொய்யாவும் மாவும் வைத்துவிட்டுக் கவண்கல்லோடு உட்கார்ந்திருப்பவர்களை அந்தப் பக்கம் பார்த்திருக்கிறேன். சப்போட்டா வேண்டாம் என்றே இப்போதைக்குச் சொல்கிறேன்.

அப்போது மகிழம். வருஷம் முழுக்க இலை இருக்கும். குடை உருண்டையாக, அடர்த்தியாக இருக்கும். கத்தரித்தால் சொன்னபடி கேட்கும். திருவண்ணாமலை கோயிலுக்குத் தலமரம் மகிழம்தான், போனவர்கள் அடியில் நின்று பார்த்திருப்பீர்கள். பூ சின்னது, கீழே விழுந்த பிறகுதான் கண்ணில் படும். நாரில் கோத்து வைத்தால் காய்ந்து சருகான பிறகும் மணக்கும்.

ஒரே குறை, மெதுவாக வளரும். நட்டவர் பொறுமையைச் சோதித்துவிட்டுத்தான் நிழல் தரும்.

மே 12

"அதுவரை ஜன்னலை என்ன செய்வது?" என்று கேட்கிறீர்கள். அகத்தி.

மகிழத்துக்கு மேற்கே, காம்பவுண்டு ஓரமாக நாலைந்து அகத்தி விதை ஊன்றுங்கள். ஒரே வருஷத்தில் தலைக்கு மேல் போய்விடும். வெற்றிலைக் கொடிக்காலில் கொடி ஏற அகத்தியைத்தானே போடுகிறார்கள். இலை பொடி என்பதால் நிழல் சல்லடை நிழல்தான், ஆனால் இளஞ்செடிக்கு அதுதான் வேண்டும். கீரை வீட்டுக்கு ஆகும், அமாவாசையில் மாட்டுக்குக் கொடுக்க நாலு பேர் வந்து கேட்பார்கள். மரம் நீண்ட நாள் நிற்காது, கட்டையும் லேசு. மகிழம் தலையெடுக்கும்போது இது போய்ச்சேர வேண்டியதுதானே.

முருங்கை கூடாதா என்பவர்களுக்கு: கூடும். கம்பளிப்பூச்சி ஜன்னல் வழியாகப் படுக்கைக்கு வரும், பரவாயில்லையா?

மே 19

கொஞ்சம் தடம் மாறுகிறேன். வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். சாமி 1981-ல் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் புரண்டு ஓடியது, கிண்டல் செய்தவர்கள் பாலத்தில் நின்று போட்டோ எடுத்தார்கள். ராஜாவுக்கு இனி வழியில்லை. மிச்சம் இருப்பது மலை. சத்துவாச்சாரிக்கு மேலே அந்தப் பாறைகள் பகலெல்லாம் சூடேறி ராத்திரி முழுக்க அனலை வீட்டுப் பக்கம் விடுகின்றன. உங்கள் வீட்டுக்கு மேற்கு நிழல் மற்ற பேட்டைகளைவிட ஒரு பங்கு அதிகம் தேவைப்படுவது அதனால்தான்.

ஜூன் 2

குழி. முதலில் அந்தத் தென்னையின் அடிக்கட்டையைத் தோண்டி எடுத்தாகிவிட்டதா? விட்டு வைத்தால் மக்க மக்க அதில் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும். மீதி இரண்டு தென்னைக்கும் அங்கிருந்துதான் ஆபத்து வரும். காண்டாமிருக வண்டு துளைத்த காயத்தில் கூன்வண்டும் வந்து இறங்கும். கட்டையைத் தோண்டியெடுத்துக் கொளுத்திவிடுங்கள்.

நடும் குழி மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழம். தோண்டியதும் செடி வைக்காதீர்கள், சில நாள் வெயிலில் ஆறட்டும். நம் பக்கத்தில் மேலே செம்மண், இரண்டடிக்குக் கீழே சுக்காம்பாறை, அதாவது சுண்ணாம்பு இறுகிய கெட்டிப் படிவம், என்பது சாதாரணம். குழி நிறையத் தண்ணீர் விட்டு மறுநாள் காலையில் பாருங்கள். தண்ணீர் அப்படியே நின்றால் கீழே சுக்கான் மூடியிருக்கிறது என்று அர்த்தம். கடப்பாரை போட்டு உடைத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். மேல்மண், மக்கிய சாணி எரு, கரையானுக்குக் கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு. பச்சைச் சாணி கூடாது, அதுவும் வண்டுக்குத்தான் விருந்து.

தென்னையின் வேர்கள் பெரும்பாலும் தூரைச் சுற்றி ஆறேழு அடிக்குள் இருக்கும். உங்களுக்கு இருபுறமும் இடைவெளி இருப்பதால் சண்டை வராது. மட்டை விழுந்து கன்று ஒடிவதுதான் பயம். மூன்று கழி நட்டு மேலே சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

ஜூன் 3

வாஸ்து கேட்டவருக்கு: மேற்கில் உயரமான மரம் இருக்கலாம் என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள். வாஸ்துவும் வெயிலும் ஒரே பக்கம் நிற்பது அபூர்வம், விட்டுவிடாதீர்கள்.

ஜூலை 21

ஆடி பிறந்துவிட்டது. இப்போது நட்டால் தென்மேற்கு மழையும் வரும், ஐப்பசி மழையும் வரும். அடுத்த கத்திரிக்குள் வேர் இறங்கிவிடும்.

நர்சரியில் உயரமான கன்றைப் பார்த்து மயங்காதீர்கள். சின்னப் பையில் பெரிய செடி என்றால் வேர் பைக்குள் பாம்புபோல் சுருண்டு கிடக்கும். பையைக் கிழித்ததும் அடியில் அந்தச் சுருளைப் பாருங்கள். பிளேடால் மூன்று நாலு இடத்தில் மேலிருந்து கீழாக லேசாகக் கீறி, அடிச்சுருளை வெட்டிவிட்டு நடுங்கள். கீறாமல் நட்ட செடி வருஷக்கணக்கில் அதே பை அளவிலேயே உட்கார்ந்திருக்கும். தண்ணீர் விட்டு விட்டு நாம்தான் அலுத்துப்போவோம்.

தண்ணீர் என்றதும் ஒன்று. ஆர்.ஓ. மெஷினில் கழியும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் நிறைய வீட்டில் இருக்கிறது. நம் போர் தண்ணீரே கடினம், கழிவில் உப்பு இன்னும் கூடுதல். இலை நுனி கருக ஆரம்பித்தால் முதலில் அதை நிறுத்துங்கள். தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

ஜூலை 28

சப்போட்டாவை நான் சட்டென்று ஒதுக்கியது அந்த அம்மாவுக்கு வருத்தமாம். கேட்டதிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன், அவர் பக்கம்தான் சாய வேண்டியிருக்கிறது.

மகிழமும் சப்போட்டாவும் ஒரே குடும்பம். இரண்டிலும் கிள்ளினால் பால் வரும், இரண்டும் எப்போதும் பச்சை. ஒட்டுச் சப்போட்டாவுக்கு மகிழத்திடம் இல்லாத ஒரு குணம் உண்டு: தரைக்கு மிக அருகிலிருந்தே தட்டுத் தட்டாகக் கிளை விடும். ஐந்து மணி வெயிலுக்கு அடிக்கிளை வேண்டும் என்று மே 8-ல் எழுதினேனே, அது இதில் தானாகவே அமைகிறது. பதினாறு அடியில் நிறுத்தி வைப்பதும் கஷ்டமில்லை. ஒட்டுக் கட்டுவது பாலா நாற்றின் மேல். அது நம் பக்கத்துக் காட்டு மரம், வறட்சிக்குப் பழகிய வேர்.

குரங்கு? வரத்தான் செய்யும். காயில் பால் பிசுபிசுப்பு இருப்பதால் கொய்யா அளவுக்குச் சூறையாடாது. பழுத்தால் வவ்வாலும் வரும். ஆனால் நமக்கு வேண்டியது நிழல். பழத்தைக் குரங்குக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் மனசு லேசாகிவிடும், தப்பித்த பழம் லாபம்.

குறை இரண்டு. பக்கவாட்டில் அகலமாக விரியும், காம்பவுண்டு பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்க வேண்டும், ஒரேயடியாக வெட்டினால் தாங்காது. வளர்ச்சியும் மகிழத்தைப்போல மந்தம்தான். ஆகவே அகத்தி அகத்தியாகவே இருக்கட்டும்.

மகிழமா சப்போட்டாவா என்று என்னைக் கேட்டால், வாசனைக்கு அது, ஜன்னலுக்கு இது. வீட்டில் அம்மா சொன்ன மரம் என்றால் தினமும் தண்ணீர் ஊற்ற ஓர் ஆள் இருக்கிறார், அதையும் கணக்கில் சேருங்கள்.

ஆகஸ்ட் 18

பி.கே.எம். 1 என்ற சப்போட்டா ரகத்தில் ஒட்டு ஒன்று வாங்கி நட்டுவிட்டதாகக் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே அரையடி தெரிய வேண்டும், மூடிவிடாதீர்கள். ஒட்டைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் நாடாவை அவிழ்த்தாகிவிட்டதா? அவிழ்க்காவிட்டால் தண்டு பருக்கும்போது கழுத்தை நெரிக்கும்.

டிசம்பர் 4

ஃபெஞ்சல் புயல் கரை கடந்து நாலு நாள். திருவண்ணாமலையில் மலை சரிந்த செய்தி இன்னும் மனசை விட்டுப் போகவில்லை, அந்தப் பக்கத்து நண்பர்கள் எல்லோரும் நலம்தானே?

சப்போட்டாக் கன்றைச் சுற்றித் தண்ணீர் நிற்கிறது என்று படம் அனுப்பியிருந்தார். பாத்தியை ஒரு பக்கம் உடைத்துவிட்டால் போதும், இனி மழைக்காலத்தில் தூரைச் சுற்றி மண் மேடாகவும் வெளிவட்டம் பள்ளமாகவும் இருக்கட்டும். இலை இரண்டு மூன்று மஞ்சளாகி விழுந்தால் பதறி உரம் போடாதீர்கள். வேருக்கு இப்போது காற்றுதான் வேண்டும்.

பிப்ரவரி 9, 2025

"எதற்கு இவ்வளவு பாடு, கோனோகார்பஸ் வைத்தால் ஆறு மாதத்தில் சுவர்போல் மூடிவிடுமே" என்று புதிதாக ஒருவர். குஜராத்தில் 2023-லேயே தடை, இப்போது தமிழ்நாட்டிலும் தடை வந்துவிட்டது. வேர் குழாய்க்குள் புகுவது, பூந்தூளால் ஒவ்வாமை என்று புகார் நிறைய. செப்டிக் டேங்க் பக்கத்தில் அதை வைக்கச் சொல்கிறவர் பிளம்பராக இருப்பாரோ என்று ஒரு சந்தேகம்.

ஏப்ரல் 27, 2025

அகத்தி பன்னிரண்டு அடி தொட்டுவிட்டதாம், நாலரை மணிக்கு ஜன்னலில் பாதி நிழலாம். சப்போட்டா இடுப்பு உயரம், அதற்குள் பூ வைத்திருக்கிறது, அம்மா கிள்ளக் கூடாது என்கிறாராம். அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: முதல் இரண்டு வருஷம் பூவையும் பிஞ்சையும் கிள்ளத்தான் வேண்டும், இல்லையென்றால் மரம் கிளைக்குப் போகவேண்டிய சத்தைக் காய்க்குக் கொடுத்துவிட்டு நின்றுவிடும்.

படத்தில் இன்னொன்று கண்ணில் பட்டது. ஒட்டுக்குக் கீழேயிருந்து இரண்டு தளிர் கிளம்பியிருக்கிறது. இலையைப் பாருங்கள், சப்போட்டா இலை நுனியில் கூர்ந்து முடியும். அந்தத் தளிரின் இலை சின்னதாக, நுனியில் உள்வாங்கிப் பிளந்ததுபோல் இருக்கும். அது பாலா. விட்டால் மேலே இருக்கும் ஒட்டைப் பட்டினி போட்டுவிட்டு அதுவே மரமாகிவிடும். வெட்ட வேண்டாம், இளசாக இருக்கும்போதே தண்டோடு ஒட்டிய இடத்தில் கட்டை விரலால் ஒடித்து எடுங்கள், வெட்டினால் மறுபடி துளிர்க்கும்.

அகத்தியை அடுத்த வருஷமும் மொத்தமாகச் சாய்க்காதீர்கள். ஆடி ஆடிக்கு இரண்டு மரமாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். நிழலில் வளர்ந்த சப்போட்டா இலையைத் திடீரென்று வெயிலில் விட்டால் கருகிவிடும்.